ஹெர்னியா என்று சொன்ன மூன்று மாதம்

பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். மலையாளத்தில் எழுதலாம் என்றால், கடைப் பெயர்ப்பலகை வாசிக்கிற அளவுக்குத்தான் எனக்கு அது வரும். தமிழிலும் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அதனால் நிதானமாக வாசியுங்கள், புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். அவளுக்குத் தெரியாதது இதில் அநேகமாக ஒன்றும் இல்லை. "எழுதட்டுமா?" என்று கேட்டேன். "பதினோரு வருஷமா நான் என்னத்தச் சொல்லிட்டு இருக்கேன்?" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

பஜாரில் எனக்கு இப்போது ஒரு புதுப் பெயர் இருக்கிறது. ஃபியூஸ். "ஃபியூஸ் வந்தாச்சா?", "ஃபியூஸுக்கு ஒரு சாயா" என்றெல்லாம் கூப்பிடுகிறார்கள். மட்டாஞ்சேரி சின்ன இடம். இன்றோ நாளையோ அது உங்கள் காதுக்கு வரும். அர்த்தம் சொல்லவும் ஆள் இருப்பார்கள். அவர்கள் சொல்லும் முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். சின்னவளுக்கு இது முழுசாகப் புரிய இன்னும் இரண்டு வருடம் ஆகலாம். பெரியவளே, நீ பக்குவமாகச் சொல்லிக் கொடு.

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? மத்திக் குழம்பு. தம்பி, நீ ஒரு கையில் சோறும் ஒரு கையில் போனுமாக இருந்தாய். போனில் ஒருவன் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தான்.

"அப்பா, உலகத்துல ஆம்பளைங்க மூணு டைப்" என்றாய். "ஆல்ஃபான்னா எல்லாருக்கும் முன்னால நிக்கிறவன். பீட்டான்னா அவன் பின்னால நிக்கிறவன். சிக்மான்னா யார்கூடயும் சேராம தனியா கெத்தா நிக்கிறவன்."

"பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன்?" என்றாள் சின்னவள்.

"எங்க காலேஜ்ல ரெண்டே டைப்புதான்" என்று பெரியவள் சொன்னாள். "ரெட் ஃப்ளாக், கிரீன் ஃப்ளாக். உன் ஆல்ஃபா எல்லாம் ரெட் ஃப்ளாக்ல வந்துரும்."

"மாமா என்ன டைப்பு?" என்று சின்னவள் கேட்டாள்.

"மாமா பக்கா பீட்டா. அத்தை கண்ணக் காட்டினா சட்டி கழுவப் போயிடுவாரு."

"அப்போ அப்பா?"

"அப்பா ஆல்ஃபா. டவுட்டே இல்ல. அம்பது கிலோ சாக்கத் தலையில வச்சுட்டுப் பலகை மேல நடக்குறாரு. எவனுக்கும் பயப்பட மாட்டாரு."

சின்னவள் கை தட்டினாள். அம்மா குழம்புச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் "ஆமாமா" என்றாள். நீங்கள் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி, நீ சொன்னது தப்பு என்று இதை எழுதவில்லை. பெருமையாகத்தான் சொன்னாய், எனக்கும் அது தெரிந்தது. ஆனால் எவனுக்கும் பயப்படாதவர் என்று நீ நினைக்கிற மனிதர் பதினோரு வருடமாகப் பதிமூன்று பேருக்குப் பயந்துகொண்டு இருந்தார். அந்தப் பதிமூன்று பேரோடுதான் தினமும் சாயா குடித்தார்.

எங்கள் கூட்டத்தில் பதினான்கு பேர். மிளகு, சுக்கு, ஏலம் என்று லாரி வந்தால் இறக்குவதும், போகிற லாரிக்கு ஏற்றுவதும் எங்கள் வேலை. இரண்டு பேர் சாக்கைத் தூக்கித் தலையில் வைப்பார்கள். தலையில் வாங்கியவன் பலகை வழியாக நடந்து குடோனுக்குள் போய் அட்டியில், அதாவது சாக்கு அடுக்கில், போடுவான். முறை வைத்துத்தான் எடுப்போம். ஒருவன் எடுக்காவிட்டால் அவன் முறைச் சாக்கு மற்றவன் தலைக்குப் போகும். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

உங்கள் போனில் மூன்று வகைதான். எங்கள் குடோனில் ஆளுக்கொரு வகை. வேகமாக எடுப்பவன் லாரி. சாக்குப்போக்குச் சொல்பவன் பஞ்சு. மனைவி சொல் கேட்பவனுக்கு மலையாளத்தில் பெங்கோந்தன் என்று பெயர், நம் ஆட்கள் பொண்டாட்டிதாசன் என்பார்கள். இந்தப் பெயர்களில் பாதி நான் வைத்தது. எனக்கு வாய் அப்படி.

நான் சேர்ந்த புதிதில் ஒருவன் இருந்தான். அவன் மனைவி இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தாள். பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் அவன் தினமும் நாலு மணிக்கு மூப்பரிடம் சொல்லிவிட்டு அவளைக் கூட்டி வரப் போவான். மூப்பர் என்பவர் எங்கள் கூட்டத்துக்குத் தலைவர். நான் அந்த ஆளுக்கு "நாலு மணி" என்று பெயர் வைத்தேன். அவன் துண்டை உதறினாலே, "நாலு மணி ஆச்சு, பெல் அடிங்கடா!" என்று கத்துவேன். குடோனே சிரிக்கும். அவனும் சிரிப்பான். சில மாதம் கழித்து அவன் நாலு மணிக்குப் போவதை நிறுத்திவிட்டான். அவள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு அவன் தேவரா பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான். பெயர் வைக்கிறவனாக நானே இருந்ததால், ஒருவன் மேல் பெயர் விழுந்தால் என்ன ஆகும் என்று மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

சின்னவள் பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இதயமும் பலவீனம் என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டார். இன்னொரு பிரசவம் இவளுக்குத் தாங்காது, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்வதற்கு மயக்க மருந்து கொடுக்கவும் தனக்குத் தைரியம் இல்லை, நீங்கள் செய்துகொண்டால் என்ன என்று மலையாளத்தில் கேட்டார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பாஷை தெரியாதவன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நான் கோயம்புத்தூர்ல படிச்சவ. இப்ப தமிழ்லயே சொல்றேன், கேளுங்க" என்று முதலில் இருந்து ஆரம்பித்தார். கேட்டு முடித்து, நானே செய்துகொள்கிறேன் என்றேன்.

ஆண்களுக்கு அது பெரிய ஆபரேஷனே இல்லை. குழந்தை உண்டாகாமல் இருக்க இரண்டு சின்னக் குழாய்களை அடைத்துவிடுகிறார்கள். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி, அதன் பிறகு கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தையல் இல்லை. அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் படுத்திருங்கள், சுமை தூக்குகிறவர் என்பதால் பத்து நாள் சாக்கைத் தொடாதீர்கள், மூன்று மாதம் கழித்து டெஸ்ட் செய்து சரி என்று சொல்லும்வரை மட்டும் கவனமாக இருங்கள் என்றார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நான் பயப்படவில்லை. குடோனில் பத்து நாளுக்கு என்ன காரணம் சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போனேன். மூப்பர் பார்த்தவுடனே, "எந்தாடா, நடை ஒரு மாதிரி?" என்றார்.

"ஹெர்னியா" என்றேன்.

யோசித்து வைத்திருந்த காரணங்களில் அது இல்லவே இல்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் அதைவிட மரியாதையான வியாதி எங்கள் வேலையில் கிடையாது. குடல் இறங்கினது என்றால் அவ்வளவு சாக்கு தூக்கியிருக்கிறான் என்று அர்த்தம். பட்டாளத்துக்காரனுக்கு மெடல் மாதிரி. எங்கள் கூட்டத்தில் அதற்கு ஒரு வழக்கமும் உண்டு. ஹெர்னியாக்காரன் மூன்று மாதம் சாக்கு எடுக்கக்கூடாது. உட்கார்ந்து சாக்கு வாய் தைக்கலாம், சிந்தின மிளகைக் கூட்டலாம். அவன் முறையை மற்றவர்கள் பங்கு போட்டு எடுப்பார்கள். யாரும் ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்க மாட்டார்கள், காட்டு என்றும் சொல்ல மாட்டார்கள்.

"உட்காரு. ஓணம் வரைக்கும் நீ சாக்கத் தொடக்கூடாது" என்று மூப்பர் சொன்னார். யாரோ ஒருவர் என் கையில் கோணி ஊசியைக் கொடுத்தார்.

பதினோராம் நாள் எனக்கு எந்த வலியும் இல்லை. ஓடிப்போய்ச் சாக்கு எடுக்கலாம் போல இருந்தது. எடுத்தால், பத்து நாளில் குணமாகிற ஹெர்னியா எது என்று கேட்பார்கள். எடுக்காவிட்டால் என் சாக்கை அவர்கள் எடுப்பார்கள். நான் ஊசியை எடுத்துக்கொண்டேன். அந்த நாள் முழுவதும் குனிந்தே இருந்தேன். மத்தியானம் மூத்த சேட்டன் ஒருவர் வந்து என் தோளில் கை வைத்து, "வேதனை உண்டோ மோனே?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன்.

இரண்டாம் மாதம் நல்ல மழை. பலகை நனைந்து வழுக்கிக்கொண்டு இருந்தது. அந்த மூத்த சேட்டன் என் முறையில் வந்த சாக்கைத் தலையில் வாங்கி நடந்தபோது கால் சறுக்கி விழுந்தார். சாக்கு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முழங்கால் முட்டி உடைந்துவிட்டது. ஆட்டோவில் அவரைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஒனக்குத் தையல் பிரிஞ்சுடப் போகுது, என்னைத் தூக்காதே" என்று அவர் எனக்குச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க" என்றாள். சரி என்றேன். அந்த நாளைக்குப் பதினோரு வருடம் ஆயிற்று. சேட்டன் அதற்குப் பிறகு சாக்கு எடுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து அவரைத் தைக்கிற வேலையிலேயே வைத்துக்கொண்டோம். நான் குணமாகி வந்துவிட்டேன் என்று அவருக்கு எப்போதும் சந்தோஷம். புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "ஹெர்னியா வந்த ஆள்டா, இப்ப பாரு" என்பார்.

இனி போன மாதக் கதை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், பத்து மணிச் சாயாவுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது எங்கள் கூட்டத்தில் ஒருவன் மட்டும் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தான். அவனும் நம்மைப் போலத் தமிழ்க் குடும்பம். கும்பளங்கியில் பெண் கட்டி அங்கேயே இருக்கிறான். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவளுக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன்ணே" என்றான். "இனி பிள்ளை பெத்தா உயிருக்கு ஆபத்தாம். ஹார்ட்டுல வால்வு சரியில்ல. மயக்கம் குடுக்குறதும் ரிஸ்க்குதான்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க."

"உன்னைப் பண்ணிக்கச் சொல்லலையா?"

"சொன்னாங்க. நான் பண்ணிட்டா சாக்க எவன் தூக்குறது? அந்த நரம்பு போனா பலம் போயிரும்ணே. எங்க பக்கம் ஒருத்தன் பண்ணிட்டு இப்ப குடத்துல தண்ணி தூக்க முடியாமக் கெடக்கான்."

"யாரு அது?"

"ஆளத் தெரியாது. சொல்லிக்கிட்டாங்க."

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பண்ணியிருக்காரு. நல்லாத்தான் இருக்காரு" என்றேன்.

"என்ன வேலை பாக்குறாரு?"

"சுமை தூக்குற வேலைதான்."

"எங்க?"

"எங்கேயோ... இப்ப தெரியல" என்றேன்.

அவன் சிரித்தான். "அப்படி ஒரு ஆளக் கண்ணால பாத்தா நாளைக்கே பண்ணிக்கிறேன்ணே." எழுந்து துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக் குனிந்தான். நானும் இன்னொருவனும் சேர்ந்து அவன் தலையில் சாக்கைத் தூக்கி வைத்தோம். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் அவன் முகம் இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் எனக்கே என்னைப் பிடிக்காத நாள் என்றால் அந்தத் திங்கட்கிழமைதான்.

செவ்வாயும் போயிற்று. புதன்கிழமை அவன் மனைவி குடோனுக்கே வந்தாள். ஆஸ்பத்திரியில் அவனுடைய ஆதார் நகல் கேட்டார்களாம். பஸ் ஸ்டாப்பிலிருந்து குடோனுக்கு நூறு காலடிகூட இருக்காது. வாசலில் கிடந்த காலிச் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். உதடு வெளுத்து நீலமாக இருந்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வெயில்தாண்ணா, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

அன்று வெயிலே இல்லை. மேகமாகத்தான் இருந்தது. உங்கள் அம்மாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் "வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டு மாடிப்படியில் நடுவில் உட்காருவாள்.

அவள் போன பிறகு லாரி வரத் தாமதமானது. பதினான்கு பேரும் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் பேசியது மலையாளம், நான் தமிழாக்கி எழுதுகிறேன். எங்களில் வாய்க்காரன் ஒருவன் உண்டு. நான் அடங்கின பிறகு பெயர் வைக்கிற வேலை அவனுடையது.

"வியாழக்கிழமை எதுக்குடா லீவு?" என்று அவன் கும்பளங்கிக்காரனைக் கேட்டான். "பொண்டாட்டி ஆபரேஷனுக்கு நீ எதுக்கு? கத்தி பிடிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். கும்பளங்கிக்காரனும் சிரித்தான், நாலு மணி சிரித்த மாதிரியே. அந்தச் சிரிப்பைப் பார்த்தவுடன் நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மூப்பரே, எனக்கு ஹெர்னியா வந்ததே இல்ல" என்றேன்.

"எந்தா?"

"பதினோரு வருஷம் முன்னால நான் உட்கார்ந்து தைச்சேனே, அது ஹெர்னியா இல்ல. ஆம்பளைங்களுக்குப் பண்ற கட்டுப்பாட்டு ஆபரேஷன். வீட்டுல அவளுக்கு முடியாது, அதனால நான் பண்ணிக்கிட்டேன். அப்புறம் இந்தப் பதினோரு வருஷமா உங்க கூடத்தான் சாக்கு எடுக்குறேன்."

வாய்க்காரன்தான் முதலில் வாய் திறந்தான்.

"எடா பாவி! அப்போ பதினோரு வருஷமா ஃபியூஸ் இல்லாமலா இந்த லைன்ல நிக்கிற?"

குடோன் அதிர்ந்தது. ஒருவன், "ஃபியூஸ் போயும் அம்பது கிலோ பல்பு எரியுதே, கரண்ட் எங்கேருந்துடா வருது?" என்றான். இன்னொருவன், "மீசை கொட்டலையா?" என்றான். "கொரல் மாறியிருக்கும், ஒரு பாட்டுப் பாடச் சொல்லு" என்று வேறொருவன். எனக்குப் பதிலுக்குக் கேலி பேச வரவில்லை. மீசை கொட்டவில்லை, குரல் மாறவில்லை, பசி தூக்கம் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பரீட்சையில் எழுதுகிற மாதிரி பதில் சொன்னேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

கும்பளங்கிக்காரன் சிரிக்கவில்லை. "திங்கக்கிழம ஏன்ணே சொல்லல?" என்றான்.

"பயம்டா."

"யாருக்கு?"

நான் கையை நீட்டி எல்லோரையும் காட்டினேன். "இவங்களுக்குத்தான்."

அப்போது சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. மூத்த சேட்டன் ஓரத்தில் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவரே கேட்டார்.

"எத்தனை நாள் ரெஸ்ட்டு சொன்னாங்க?"

"பத்து நாள், சேட்டா."

"நீ மூணு மாசம் உட்கார்ந்தே."

"ஆமா."

"பத்து நாளுன்னு கேட்டிருந்தா நாங்க தந்திருக்க மாட்டோமா?" சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. "கேலி பண்ணியிருப்போம். கேலி பண்ணிக்கிட்டே உன் சாக்கையும் தூக்கியிருப்போம்."

ஊசியை நூலுண்டையில் குத்தி வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். நின்றுவிட்டேன்.

லாரி வந்தது. வேலை செய்தோம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கும்பளங்கிக்காரன் என்னை லாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேட்டான். எத்தனை நாள் வலி, ஊசி எங்கே போடுவார்கள், எப்போது குளிக்கலாம். தெரிந்ததைச் சொன்னேன். மூன்று மாதமும் டெஸ்ட்டும் மறந்துவிடாதே என்று இரண்டு தடவை சொன்னேன். கடைசியில் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, அப்புறம்... வீட்டுல... மத்ததெல்லாம்?" என்றான்.

"எல்லாம் அப்படியேதான்டா. போ" என்றேன். இதை வாசித்துவிட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். அவனுக்கு அதுதான் பெரிய கேள்வி. எனக்கும் ஒரு காலத்தில் அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது, கேட்க ஆள் இல்லை.

அங்கேயே நின்று மனைவிக்குப் போன் செய்தான். "நீ போக வேணாம். நான் போறேன்" என்றான். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ தெரியாது. "அட, ஒண்ணும் ஆகாது. இங்க ஒரு ஆளு கண்ணு முன்னால நிக்கிறாரு" என்றான்.

மறுநாள் இரண்டு பேரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவளுடைய வியாழக்கிழமையை அடித்துவிட்டு அடுத்த திங்கட்கிழமைக்கு அவன் பெயரை எழுதினார்கள். மூப்பர் குடோனில் எல்லோர் முன்னாலும், "பத்து நாள். உள்ளதச் சொல்லிட்டுப் போறான், உள்ளதச் சொல்லிட்டு வருவான். இனி யாரு போனாலும் இதுக்குப் பத்து நாள்" என்றார். வாய்க்காரன், "அடுத்து யாரு, டோக்கன் குடுக்கட்டுமா?" என்று கேட்டான். அவன் கேட்காமல் இருக்க மாட்டான்.

திங்கட்கிழமை நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் அவன் முறையை நாங்கள் பங்கு போட்டு எடுத்தோம். இப்போது அவன் மறுபடி சாக்கு எடுக்கிறான். அவன் மனைவிக்கு வால்வுக்கு மருந்து நடக்கிறது. ஆபரேஷன் மேஜையில் ஏறாமல் தப்பித்தாள், அந்த மட்டுக்கும் நிம்மதி.

மூத்த சேட்டன் இன்னும் என்னோடு சாயா குடிப்பதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போவதும் இல்லை. முந்தாநாள் "அந்த நூலை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் அவரை அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

தம்பி, உன் போனில் வருகிற அந்த வகைகளில் நான் எதில் வருவேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டவனை ஒரு பட்டியலில் போடலாம், அதை மறைக்கப் பொய் சொன்னவனை இன்னொன்றில் போடலாம். இரண்டும் ஒரே ஆள். உன் மாமா சட்டி கழுவுகிறார் என்று சிரித்தாய். சிரி, அவரும் சிரிப்பார். ஆனால் நாளைக்கு அவர் கழுவாமல் நிறுத்திவிட்டால், ஏன் என்று போய்க் கேள். நான் நாலு மணியிடம் கேட்கவில்லை. பெரியவளே, நீயும் உன் சிவப்புக் கொடி பச்சைக் கொடியைக் கொஞ்சம் பார்த்துப் பிடி. ஒரே ஆள் காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாக இருப்பான். ஃபியூஸ் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன், சாயாவும் வருகிறது.

ஒன்றே ஒன்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கும்பளங்கிக்காரனின் ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் போட்டில் ஏறி எறணாகுளம் போனேன். ஆபரேஷன் முடிந்தால் கொஞ்ச நாளைக்கு நல்ல இறுக்கமான ஜட்டி போட வேண்டும், இல்லாவிட்டால் நடக்கும்போது இழுத்து வலிக்கும். எனக்கு அது தெரியாமல் தோர்த்துத் துண்டைக் கோவணமாகக் கட்டிக்கொண்டு அவதிப்பட்டேன். பிராட்வேயில் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர், "உங்களுக்கா? சைஸ்?" என்றார். எனக்கு இல்லை என்று சொல்லி, என் இடுப்பில் கையை வைத்து, இதைவிட இரண்டு விரல் குறைவு என்று காட்டினேன். கருநீலத்தில் இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் குடோனுக்குப் போனேன். காவல்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பல் தேய்க்கப் போயிருந்தார். உள்ளே யாரும் இல்லை. ஒன்றை வெளியே எடுத்து விரித்து, அளவு சரியாக இருக்குமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மறுபடி மடித்து, காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டி, அவன் சட்டை மாட்டுகிற ஆணியில் மாட்டினேன்.